நிலா ஏரிக் கரையில் ஒரு பள்ளிக்கூடம்

சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு முனையில், ஆந்திரம், கருநாடகம், தமிழகம் ஆகிய மூன்று மாநிலங்களின் எல்லைகளும் ஒன்றையொன்று நெருங்கி வரும் நிலப்பகுதியில் அமைந்துள்ளது ராமகுப்பம். அங்கே பிறந்து வளரும் குழந்தையின் செவியில் மொழிகள் வரிசையாக நின்று நுழைவதில்லை, கூட்டமாகவே நுழைகின்றன. வீட்டில் தாய் தமிழில் தாலாட்டுகிறாள். கடைத்தெருவில் தெலுங்கு ஒலிக்கிறது. சந்தைக்கு வரும் வியாபாரி கன்னடம் பேசுகிறார். அக்குழந்தை மூன்றையும் வாங்கிக்கொண்டு, எதற்கும் திகைக்காமல் விளையாடப் போய்விடுகிறது.

திகைப்பு வருவது பள்ளிக்கூடத்து வாசலில். அப்பகுதிப் பள்ளிகளில் தெலுங்கு கற்பிக்கப்படுகிறது. ஆகவே நாவில் தமிழும் கையில் தெலுங்கு எழுத்துமாக வளர்கிறது பிள்ளை. பிறகு ஒருநாள் தந்தைக்குப் பெங்களூரில் வேலை கிடைக்கிறது. குப்பத்திலிருந்து பெங்களூருக்கு நேரே இருப்புப்பாதை உண்டு. தூரம் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர்தான். நாள்தோறும் ரயிலேறிப் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள்; குடும்பத்தோடு குடியேறிவிட்டவர்களும் இருக்கிறார்கள். குடியேறிய வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் வந்து சேர்கின்றன. தமிழ் எழுத்து என்பது பாட்டி வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் மட்டும் காணும் பொருளாகிவிடுகிறது.

‘வாரத்துக்கு ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு ஆறு, ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நாம் எதைக் கற்பிக்க முடியும்?’ என்று நம் சங்கத்து அன்பர்கள் கேட்கும்போதெல்லாம் நமக்குத் தோன்றுவது ஒன்றுதான். அந்த ஒரு மணி நேரத்தைத் தமிழ்ப் பாடத்துக்கென்று ஒதுக்கினால் அது போதவே போதாது. தமிழைக்கொண்டு உலகத்தைக் காட்ட ஒதுக்கினால் ஒருவேளை போதும். நல்ல கதை ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். மொழி, கணக்கு, இயற்கை அறிவு, நிலப்படம், ஓவியம், நாடகம் யாவும் அக்கதையின் உள்ளிருந்தே முளைத்து வருமாறு சில வாரங்களுக்கு ஒரு பாட அலகை அமைத்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு அமைப்பது எப்படி என்பதை ராமகுப்பத்துக் குழந்தை ஒன்றை மனத்தில் நிறுத்தி எழுத முற்படுகிறோம்.

இம்முறை புதிதன்று. 1937-ஆம் ஆண்டு வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வித் திட்டம், ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து ஏனைய பாடங்களை அதனோடு இணைக்கச் சொன்னது. குஜராத்தில் கிஜுபாய் பதேக்கா 1930-களின் தொடக்கத்தில் எழுதிய ‘திவாஸ்வப்ன’ என்ற நூலில், ஓர் ஆசிரியர் அடங்காத வகுப்பொன்றைக் கதை சொல்லியே வசப்படுத்துகிறார். ராமகுப்பத்துக்கு வெகு தொலைவில் இல்லாத மதனப்பள்ளிப் பகுதியில், ரிஷி பள்ளத்தாக்குக் கல்வி மையத்தார் சுற்றியுள்ள சிற்றூர்ப் பிள்ளைகளுக்காக அட்டைகளையும் ஏணிப்படி வரிசையையும் கொண்டு ஒரு கற்பித்தல் முறையை உருவாக்கினர். அதைக் கண்டு, 2003-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் திரு. எம். பி. விஜயகுமார் அவர்கள் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். 2007-08-இல் அது தமிழகத்துத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது. 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவரவர் நிலையில் வைத்துக் கற்பிப்பதே. இவற்றில் பெரும்பாலானவை பயிற்சி பெற்ற ஆசிரியர்களுக்கு உரியவை. நம்முடையதோ பெற்றோர்களே ஆசிரியர்களாகும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. ஆதலின் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் எளிதாக இருக்க வேண்டும்.

முதற்கேள்வி, எந்தக் கதை என்பது. பாட்டி வடை சுட்ட கதையையே பலரும் சொல்வார்கள். நல்ல கதைதான், ஆனால் அதில் காக்கை ஏமாந்தவுடன் எல்லாம் முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் வாதாடுவதற்கு அதில் இடம் குறைவு. பல பாடங்களைத் தாங்கக்கூடிய கதைக்கு மூன்று தகுதிகள் வேண்டும் என்பது நம் கருத்து. அதில் நடக்கும் செயல் பிள்ளைகளின் சொந்த வாழ்வைத் தொட வேண்டும். அளந்தும் எண்ணியும் உற்றுநோக்கியும் அறியத்தக்க பொருள்கள் அதற்குள்ளேயே இருக்க வேண்டும். பெரியவர்களுக்கும் விடை எளிதில் கிட்டாத கேள்வி ஒன்றும் அதில் இருக்க வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே பொருந்தியது பஞ்சதந்திரத்தில் வரும் யானைகளும் முயல்களும் கதை.

கதையை நாமறிந்தவாறு சுருக்கிச் சொல்கிறோம். பன்னிரண்டு ஆண்டு மழையில்லை. யானைக் கூட்டம் ஒன்று நீர் தேடி அலைந்து நிலா ஏரி என்னும் ஏரியைக் கண்டது. ஏரிக்கரை மண் மென்மையானது. அதில் வளை தோண்டி முயல்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தன. தாகம் கொண்ட யானைகள் நீரை மட்டுமே பார்த்து ஓடின. காலடியில் வளைகள் நொறுங்கின. முயல்கள் பல மாண்டன. மறுநாளும் யானைகள் வரும். எஞ்சிய முயல்கள் கூடிப் பேசின. அவற்றுள் ஒன்று, எட்டாத பாறையின் மேல் ஏறி நின்று யானையரசனை அழைத்து, ‘நான் சந்திரனின் தூதுவன். இது அவருடைய ஏரி. அவர் சினங்கொண்டிருக்கிறார்’ என்றது. அன்றிரவு யானையைக் கரைக்கு அழைத்துச் சென்று நீரில் தெரிந்த நிலவைக் காட்டியது. நீர் அசைய நிலவும் நடுங்கியது. சினத்தால் நடுங்குகிறார் என்று அஞ்சி, வணங்கிவிட்டுத் தன் கூட்டத்தோடு போய்விட்டது யானை.

பஞ்சதந்திரத்தின் மூன்றாம் பகுதியாகிய காக்கைகளுக்கும் ஆந்தைகளுக்கும் நேர்ந்த பகையின் கதைக்குள் வரும் கிளைக்கதை இது. எட்டாம் நூற்றாண்டில் அரபு மொழிக்குச் சென்று அங்கிருந்து மேலை நாடுகளுக்கெல்லாம் பரவிய கதைத் தொகுதி அது. தமிழில் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பெயர்த்த உரைநடைப் பஞ்சதந்திரம் 1826-இல் வெளிவந்தது. தெலுங்கில் பரவஸ்து சின்னயசூரி 1853-இல் ‘நீதி சந்திரிகை’யை எழுதினார், முதலிரு தந்திரங்களை மட்டுமே தழுவியதாதலின் நம் முயல் அதில் இல்லை. எனினும் ஒன்றைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. தெலுங்கு உரைநடைக்கு வழிகாட்டிய அந்தப் பெருமகனார் பிறந்த ஊர் நம் ஸ்ரீபெரும்புதூர்! எல்லைகளைப் பற்றி நாம் எவ்வளவு பேசினாலும் கதைகளுக்கு அவை தெரிவதில்லை.

யானைகளுக்கும் தெரிவதில்லை. ஆந்திரத்தின் இப்பகுதியில் நெடுங்காலமாக யானை இல்லாதிருந்தது. 1980-களில் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் காடுகளிலிருந்து யானைகள் எல்லை கடந்து குப்பம், பலமனேர்க் காடுகளுக்கு வந்தன, வந்தவை தங்கின. 1990-இல் அரசு ஏறத்தாழ 357 சதுர கிலோமீட்டர்க் காட்டைக் கௌண்டின்ய வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தது. அதன் ஓரத்தில்தான் ராமகுப்பத்துச் சிற்றூர்கள் பல இருக்கின்றன. கேழ்வரகும் நிலக்கடலையும் வாழையும் கரும்பும் விளைந்து நிற்கும் பருவத்தில் யானைகள் வயலுக்கு வருகின்றன. உழவர்கள் பரண் மேல் விழித்திருந்து தகரம் தட்டியும் வெடி வெடித்தும் விரட்டுகிறார்கள். அகழி வெட்டியிருக்கிறார்கள், சூரிய மின்வேலி இட்டிருக்கிறார்கள். ராமகுப்பம் வட்டாரத்து நனியாலாவில் வனத்துறையினர் முகாம் அமைத்துக் கும்கி யானைகளை வைத்துப் பார்த்தனர்; 2025 மே மாதத்தில் கருநாடக அரசும் ஆந்திரத்துக்குக் கும்கிகளை வழங்கியது. இவ்வளவுக்குப் பின்னும் பயிர் அழிவது நின்றபாடில்லை. மனித உயிர்கள் போயிருக்கின்றன. யானைகளும் மின்கம்பியில் சிக்கி மாண்டிருக்கின்றன.

ஆக, ராமகுப்பத்துப் பிள்ளைக்கு இக்கதை ‘ஒரே ஒரு காட்டிலே’ நடந்த கதையன்று. தன் தந்தை நேற்றிரவு கண்விழித்த கதை. அப்பிள்ளை முயலின் பக்கம் நின்றே கதையைக் கேட்கத் தொடங்கும். பெங்களூரில் பிறந்த பிள்ளையோ, யானையைக் கோயிலிலும் படத்திலும் மட்டும் கண்டு, அதன் பக்கம் நிற்கும். இவ்விருவரும் ஒரே பாயில் அமர்ந்து பேசினால் எத்தகைய பாடம் கிடைக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி அலகுக்கு வருவோம். நான்கு ஞாயிற்றுக்கிழமைகளும், இடையே வீட்டில் செய்யும் சிறு வேலைகளும் என்று வகுத்துக்கொள்கிறோம்.

முதல் ஞாயிற்றில் கதை சொல்வதைத் தவிர வேறொன்றும் செய்யலாகாது. இதை நாம் அழுத்தியே சொல்ல விரும்புகிறோம். ஏனெனில் பெரும்பாலான வகுப்புகள் கெட்டுப்போவது இங்கேதான். கதை முடிந்த மறுகணமே, ‘முயல் என்ன சொன்னது? யானை ஏன் ஓடியது?’ என்று வினாத் தொடுக்கத் தொடங்கிவிடுகிறோம். பிள்ளையின் முகம் மாறிவிடுகிறது; கதையும் ஒரு தேர்வுதானா என்று அது தெரிந்துகொள்கிறது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். யானை நடக்கும்போது தரையைத் தட்டுங்கள். முயல் பாறைமேல் ஏறும்போது நாற்காலியில் ஏறிக்கொள்ளுங்கள். கதை முடிந்ததும் சற்று நேரம் சும்மாயிருங்கள். கேள்வி வேண்டுமானால் அது பிள்ளைகளிடமிருந்து வரட்டும்.

வரும் என்பது உறுதி. வடமொழிக் கதையில் யானையரசனின் பெயர் சதுர்தந்தன். நான்கு தந்தம் உடையவன் என்பது பொருள். அப்பெயரைச் சொல்லிப் பாருங்கள். ‘யானைக்கு ஏது நான்கு தந்தம்?’ என்று ஒரு குரலாவது எழும். ஆண் யானைகளுள் பலவற்றுக்கு இரண்டு தந்தம் உண்டு, சிலவற்றுக்கு இல்லை, பெண் யானைக்கு வெளியே நீண்டு தெரியும் தந்தமே இல்லை என்னும் செய்திகளை அப்போது சொன்னால் அவை மறப்பதில்லை. கேட்டவனுக்குச் சொல்லும் விடை வேறு. கேளாதவனுக்குச் சொல்லும் விடை வேறு. ஏழு வயதில் இவ்வேறுபாடு மிகப் பெரிது.

அவ்வாரம் வீட்டுக்கு ஒரே வேலை. பாட்டியிடமோ அம்மாவிடமோ அக்கதையைப் பிள்ளை திருப்பிச் சொல்ல வேண்டும். பாட்டி ராமகுப்பத்தில் இருந்தால் தொலைபேசியில் சொல்லட்டும். எம்மொழியில் சொன்னாலும் சரியே. இடையில் தெலுங்குச் சொல் கலந்தால் கலக்கட்டும். பாட்டி திருத்த மாட்டார். வேறொரு கதை சொல்லுவார். அது நமக்கு ஆதாயம்.

இரண்டாம் ஞாயிற்றில் சொற்களைக் கையிலெடுக்கலாம். தரையில் நான்கு படங்களை வைக்கிறோம்: யானை, முயல், ஏரி, நிலா. ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகள் அறிந்த பெயர்களையெல்லாம் சொல்லச் சொல்லுகிறோம். தெலுங்கில் ஏனுகு, குந்தேலு, செருவு, சந்தமாமா. கன்னடத்தில் ஆனெ, மொல, கெரெ, சந்திர. பிற மொழிச் சொல் வகுப்பில் நுழைந்தால் தமிழ் கெட்டுவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. நாம் அவ்வாறு எண்ணவில்லை. ‘ஆனை’ என்று கன்னடத்தையொட்டிப் பிள்ளை சொல்லும்போது அதைப் பிழையென்று அடிக்கத் தேவையில்லை. அது நம் பக்தி இலக்கியத்திலேயே பயின்ற சொல். தமிழில் ஏரி என்பது தேங்கி நிற்கும் நீர். தெலுங்கில் ஏரு என்பது ஓடும் ஆறு. இவ்வொற்றுமையையும் வேற்றுமையையும் காணும் பிள்ளை தன் மொழியை மேலும் கூர்ந்து கேட்கிறது. 1947-இல் சென்னையிலிருந்து ஒரே சிறுவர் இதழ் தெலுங்கில் ‘சந்தமாமா’ என்றும் தமிழில் ‘அம்புலிமாமா’ என்றும் வெளிவரத் தொடங்கியதை நம்மில் மூத்தவர்கள் அறிவர். அவ்விதழ் இன்று வருவதில்லை. பழைய பிரதி எவர் வீட்டிலேனும் இருந்தால் அன்று வகுப்புக்குக் கொண்டுவரலாம்.

எழுத்துகள் இச்சொற்களிலிருந்தே பிறக்கட்டும். அ முதல் ஃ வரை வரிசையாக ஒப்பித்த பிறகுதான் சொல் என்பதில்லை. யானையின் ‘யா’, முயலின் ‘மு’, நிலாவின் ‘நி’, ஏரியின் ‘ஏ’ ஆகிய நான்கையும் மணலில் எழுதிப் பழகட்டும். மூத்த பிள்ளைகள் ‘முயல் ஏறியது’, ‘நிலா நடுங்கியது’ என்று இரண்டு சொல் வாக்கியம் எழுதலாம். வரிசை பின்னர் தானே கூடிவிடும்.

கணக்கு கதையின் தாகத்திலிருந்தே தொடங்குகிறது. யானை ஒரு நாளைக்கு எவ்வளவு நீர் குடிக்கும்? 100 லிட்டருக்கு மேல் குடிக்கும். நம் கணக்குக்கு 150 லிட்டர் என்று கொள்வோம். பத்து லிட்டர் வாளி ஒன்றைக் கொணர்ந்து வைத்து, ஒரு யானைக்கு எத்தனை வாளி என்று கேட்டால், ஆறு வயதுப் பிள்ளை வாளிக்கு ஒரு கூழாங்கல் வைத்துப் பதினைந்து வரை எண்ணும். ஏழு வயதுப் பிள்ளை இரண்டு யானைக்குக் கூட்டும். எட்டு வயதுப் பிள்ளை எட்டு யானைக்குப் பெருக்கி 120 வாளி என்னும். பிறகு அவ்வாளியை நிரப்பிப் பிள்ளைகளே நால்வராகத் தூக்கிப் பார்க்கட்டும். 120 என்பது அப்போதுதான் எண்ணாக இராமல் பாரமாகும். ஏரி ஏன் யானைக்கு வேண்டும் என்பதும் விளங்கும்.

அடுத்தது காலடி. யானையின் முன்னங்கால் தடத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் அதன் தோள் உயரம் ஏறத்தாழக் கிடைக்கும். வனத்துறையினர் யானையைக் காணாமலேயே அதன் வளர்ச்சியை மதிப்பிடப் பயன்படுத்தும் வழி இது. 130 சென்டிமீட்டர்க் கயிறு ஒன்றை வட்டமாகத் தரையில் வைத்து, ‘இது ஒரு யானையின் காலடி, யானை எவ்வளவு உயரம்?’ என்று கேளுங்கள். கயிற்றை எடுத்துச் சுவரில் இருமுறை நிறுத்தி அளந்தால் 260 சென்டிமீட்டர் வரும். அங்கே ஒரு கோடு கிழித்து, அதனருகே ஒவ்வொரு பிள்ளையின் உயரத்தையும் குறிக்க வேண்டும். பின்னர் அதே வட்டத்துக்குள் எத்தனை பிள்ளைகளின் பாதம் அடங்கும் என்று நின்று பார்க்கட்டும். முயல் வளை ஏன் நொறுங்கியது என்று அதற்குப் பின் எவரும் விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. கதையோடு கணக்கை இணைக்கிறோம் என்று சொல்லி, ‘ஒரு யானைக்கு நான்கு கால், ஐந்து யானைக்கு எத்தனை?’ என்று கேட்பது இணைப்பாகாது. யானையை எடுத்துவிட்டு நாற்காலியை வைத்தாலும் அக்கணக்கு அப்படியே இருக்கும். ஆதாரக் கல்வி நடந்த காலத்தில் இராட்டையோடு எல்லாப் பாடங்களையும் எப்படியேனும் முடிச்சுப் போடவேண்டுமென்று சில ஆசிரியர்கள் பட்ட பாட்டைப் பலரும் குறை கூறினர். அக்குறையில் நியாயம் உண்டு. கதையை நீக்கினால் எந்தக் கணக்குப் பொருளிழந்து போகுமோ அதையே வைத்துக்கொள்ள வேண்டும். மற்றவற்றைத் தனியே கற்பிப்பதால் குறைவொன்றும் இல்லை. பல் துலக்குவதை இக்கதையில் ஒட்டவைக்க முயல வேண்டா.

முதல் வாரத்திலிருந்தே வீட்டில் இன்னொரு சிறு வேலை நடந்துகொண்டிருக்க வேண்டும். நாள்தோறும் இரவில் வானத்தைப் பார்த்து, நிலவின் வடிவத்தை நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் வரைவது அவ்வேலை. மேகம் மறைத்தால் மேகத்தை வரையலாம். மாடிக் குடியிருப்புகளில் நிலவு கட்டடத்தின் பின்னே ஒளிந்திருக்கும். அதைத் தேடுவதும் ஒரு விளையாட்டுத்தான். முழுநிலவுக்குப் பின் நாளுக்கு நாள் நிலவு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தி எழுகிறது என்பதைப் பிள்ளைகள் தாமே உணர்வார்கள். உறங்கும் நேரத்துக்கு முன் அது வராமற்போய்விடுமல்லவா? ராமகுப்பத்துச் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு மாற்றம் தேவை. அறுவடைக் காலத்தில் யானை வரும் என்று அங்கே இருட்டியபின் பிள்ளைகளை வெளியே விடுவதில்லை. அது சரியான கட்டுப்பாடு. அவர்கள் சாளரத்தின் வழியே பார்த்தால் போதும்.

மூன்றாம் ஞாயிற்றில் தட்டில் நீர் ஊற்றி, அறையை இருட்டாக்கி, மேலே ஒரு விளக்கைப் பிடித்து, நீரில் நிலவைக் காட்டலாம். விரலால் தொட்டால் நிலவு நடுங்குகிறது. மேலேயுள்ள விளக்கோ அசையவில்லை. இதைக் கண்ட பிள்ளை, ‘அப்படியானால் யானை தலை நிமிர்ந்து வானத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே!’ என்று கேட்கும். பிம்பம் என்பதைப் பற்றி இதனினும் சிறந்த பாடத்தை நாம் கற்பிக்க முடியாது. அமாவாசையன்று இச்சூழ்ச்சி பலிக்குமா என்றும் கேட்டுப் பாருங்கள். வரைந்து வைத்த நிலாத் தாளை எடுத்து அவர்களே ஆராய்ந்து, முயல் எந்தெந்த நாட்களில் யானையை அழைத்துச் செல்லலாம் என்று சொல்லட்டும்.

அதே வகுப்பில்தான் கதையின் கடினமான கேள்விக்கும் வர வேண்டும். முயல் பொய் சொன்னது. பொய் சொல்லலாமா? யானை தாகத்தால் வந்தது, வேண்டுமென்று மிதிக்கவில்லை. அதை விரட்டியது நியாயமா? விரட்டப்பட்ட யானைகள் நீருக்கு எங்கே போயின? கதை அதைச் சொல்வதில்லை. பழைய நூல்கள் இக்கதையைச் சொன்ன நோக்கம் வேறு. பெரியவர் பெயரைச் சொன்னாலே காரியம் நடக்கும் என்று காட்டுவதற்காகக் காக்கை சொன்ன கதை இது. நாம் அதைக் கரும்பலகையில் நீதியென்று எழுதிவைக்கத் தேவையில்லை. எந்த நீதியையும் எழுத வேண்டா என்பதே நம் கருத்து. அறையின் ஒரு மூலையில் முயல்களும் மறுமூலையில் யானைகளுமாகப் பிள்ளைகளைப் பிரித்து, இரு தரப்பும் கூடிப் பேசி ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளச் சொல்லுங்கள். பிறகு இரு தரப்பும் இடம் மாற வேண்டும். இடம் மாறுவதை மறந்துவிடக் கூடாது. கரும்புக் கொல்லையைப் பறிகொடுத்த வீட்டுப் பிள்ளை யானையாக நின்று ‘எனக்குத் தாகமாக இருக்கிறது’ என்று சொல்லும் கணமும், நகரத்துப் பிள்ளை முயலாக நின்று ‘எங்கள் வீடு போயிற்று’ என்று சொல்லும் கணமும் வகுப்பில் வர வேண்டும்.

இவ்விடத்தில் ஆசிரியர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. யானையால் உறவினரை இழந்த குடும்பத்துப் பிள்ளை வகுப்பில் இருக்கக்கூடும். அப்பிள்ளையை நாடகத்தில் நிறுத்தக் கூடாது. அதன் பெற்றோரிடம் முதலிலேயே பேசி, அவர்கள் வேண்டாமென்றால் கதையையே மாற்றிவிட வேண்டும். கதைகள் பல இருக்கின்றன. ராமகுப்பத்துச் சிற்றூர்ப் பள்ளியில் இவ்வலகை நடத்துவோர், பரண்மேல் காவல் இருந்து பழகிய முதியவர் ஒருவரை அழைத்துப் பேசச் செய்யலாம். யானை வந்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதை அவர் வாயால் கேட்பது புத்தகத்தில் இல்லாத பாடம்.

நான்காம் ஞாயிறு நிலப்படத்துக்கு உரியது. பெரிய தாளில் மூன்று மாநிலங்களும் சந்திக்கும் பகுதியை வரைந்து, ஓசூர், கிருஷ்ணகிரி, குப்பம், ராமகுப்பம், பலமனேர், பெங்களூர் ஆகியவற்றைக் குறிக்கிறோம். யானைகள் வந்த வழியைப் பச்சை நூலால் ஒட்டுகிறோம். பாலாற்றை நீல நூலால் காட்டலாம். அது கருநாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர், தமிழகத்தில் 222 கிலோமீட்டர் ஓடுகிறது. மொத்தம் எவ்வளவு என்பதை மூத்த பிள்ளைகள் கூட்டிச் சொல்லட்டும். பின்னர் ஒவ்வொரு பிள்ளையும் தன் குடும்பம் வந்த வழியைச் சிவப்பு நூலால் ஒட்ட வேண்டும். தாத்தா எங்கே பிறந்தார், அப்பா எங்கே படித்தார், நாம் எப்போது இங்கே வந்தோம் என்பதையெல்லாம் வீட்டில் கேட்டு வந்திருக்க வேண்டும். யானையின் நூலும் தன் குடும்பத்தின் நூலும் ஒரே எல்லைக்கோட்டைக் கடப்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும். நாம் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை.

எல்லைக்கோட்டின் வரலாற்றை இவ்வயதில் விரித்துரைப்பது வீண். வட ஆர்க்காட்டிலிருந்து 1911-இல் சித்தூர் மாவட்டம் பிரிந்தது, 1953-இல் ஆந்திரத்தோடு சேர்ந்தது, 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, 2022-இல் மாவட்டம் மீண்டும் பிரிக்கப்பட்டது என்பனவெல்லாம் பெற்றோர் அறிந்திருந்தால் போதும். ‘கோட்டை யார் போட்டது?’ என்று ஒரு பிள்ளை கேட்டால் மட்டும், ‘மனிதர்கள் கூடிப் பேசிப் போட்டார்கள், பலமுறை மாற்றியும் போட்டார்கள்’ என்று சொல்லலாம்.

பிள்ளைகள் எதைக் கற்றார்கள் என்று அறிவது எப்படி? எழுத்துத் தேர்வு வேண்டா. ரிஷி பள்ளத்தாக்கைச் சார்ந்த சிற்றூர்ப் பள்ளிகளில் மெட்ரிக் மேளா என்று ஒன்று நடத்துவதுண்டு. பிள்ளைகளே கடை விரித்து, வரும் ஊரார்க்கு எடை பார்த்தும் உயரம் அளந்தும் கணக்குச் சொல்வார்கள். பெற்றோர் வாடிக்கையாளர்களாக வந்து நிற்பார்கள். நாமும் நான்காம் ஞாயிற்றின் பிற்பகுதியில் அவ்வாறு ஒரு நிலா ஏரிச் சந்தை வைக்கலாம். ஒரு மூலையில் கயிறும் சுவர்க்கோடும். பெரியவர்கள் வந்து நின்று, யானையினும் எவ்வளவு குட்டை என்று பிள்ளைகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு மூலையில் வாளிக் கணக்கு. ஒன்றில் நீர்த்தட்டு நிலவு. ஒன்றில் நிலப்படம். நடுவில் கதை சொல்லும் பாய். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கடையிலாவது நின்று தமிழில் விளக்க வேண்டும். தயங்கி நிற்கும் பிள்ளையை மற்றொரு பிள்ளையோடு சேர்த்து நிறுத்துங்கள். பெற்றோர் குறுக்கே புகுந்து சொல்லிக்கொடுக்கக் கூடாது. இதைக் காப்பதுதான் நான்கு வாரத்திலும் கடினமான வேலையாக இருக்கும்.

ஆசிரியராக இருப்பவர் ஒரு சிறு குறிப்பேட்டில், பிள்ளைக்கு ஒரு பக்கம் என்று வைத்து, அது தானாகக் கேட்ட கேள்விகளை மட்டும் எழுதி வரலாம். முதல் வாரத்தில் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ கேட்ட பிள்ளை நான்காம் வாரத்தில் தமிழில் கேட்டதா என்பது அதில் தெரியும். எத்தனை எழுத்து எழுதத் தெரியும் என்பதைக் காட்டிலும் இது நமக்கு முக்கியம்.

தேவையான பொருள்கள் மிகச் சில: 130 சென்டிமீட்டர்க் கயிறு, பத்து லிட்டர் வாளி, நூறு கூழாங்கல், அகன்ற தட்டு, விளக்கு, மூன்று நிற நூல், பசை, பழைய நாட்காட்டித் தாள்கள், கொஞ்சம் மணல். கூழாங்கற்களை ஊருக்குப் போய் வருவோர் பாலாற்றுப் படுகையிலிருந்து ஒரு பையில் எடுத்து வந்தால் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். அமாவாசை கழிந்து வரும் முதல் ஞாயிற்றில் வகுப்பைத் தொடங்குங்கள். அப்படித் தொடங்கினால் முழுநிலவு இரண்டாம் ஞாயிற்றுக்குப் பின், மூன்றாம் ஞாயிற்றையொட்டி வரும். நீர்த்தட்டை எடுக்கும்போது பிள்ளைகள் வரைந்த தாளில் வட்டம் நிறைந்திருக்கும். வானம் தெளிவாக இருக்கும் தை, மாசி மாதங்கள் இதற்கு ஏற்றவை. மழைக்காலத்தில் தொடங்குவோர் மேகம் வரைவதற்குச் சாம்பல் நிற வண்ணக்கட்டி ஒன்றைக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளவும்.